எங்கே நின்று எண்ணுவது?



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் பார்வைக்குச் சிறியது. சாலையில் ஓடும் வண்டிகளை இரவு பகல் பாராமல், ஆண்டு முழுவதும் தானாகவே எண்ணிக்கொண்டிருக்கும் நிரந்தரக் கருவிகள் இருக்கின்றன. அவற்றை எந்தச் சாலையில், எந்த இடத்தில் பதிப்பது? அவ்வளவுதான் தலைப்பு. "இதற்கு ஒரு சொற்பொழிவா? எங்கே நெரிசல் அதிகமோ அங்கே வைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே!" என்று சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. அந்த நினைப்போடு வாதாடத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. வண்டிகளை எதற்காக எண்ணுகிறோம்? சாலையை அகலப்படுத்தலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய. சிக்னல் போடலாமா, மேம்பாலம் கட்டலாமா என்று பார்க்க. விபத்து நடந்தால், ஓடிய வண்டிகளுக்கு எத்தனை விபத்து என்று கணக்கிட. இவை எல்லாவற்றையும்விட, தாரை எத்தனை கனத்துக்குப் போடுவது என்று தீர்மானிக்க. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கருகில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. தனியாகச் சாலைகள் போட்டு, லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அதில் தெரிந்தது என்ன? அச்சின் மேல் விழும் பளு இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய 16 மடங்கு! பத்து சதவீதம் கூடுதலாக ஏற்றினால்கூடச் சேதம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ஆகவே எத்தனை வண்டி என்பதோடு எந்த வண்டி என்பதும் தெரிந்தாக வேண்டும். கணக்குத் தவறினால் என்ன ஆகும்? மூன்றாம் மழைக்காலத்தில் பள்ளம் விழும். ஊர் முழுக்க ஒப்பந்ததாரரைத் திட்டும். அவர் ஒழுங்காகவே போட்டிருக்கலாம். எண்ணியவர் தவறாக எண்ணியிருக்கலாம்.

நம் நாட்டில் எப்படி எண்ணி வந்திருக்கிறோம்? இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1972இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஊர்ப்புறச் சாலைகளில் ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் தொடர்ந்து ஏழு நாள், 24 மணி நேரமும் எண்ண வேண்டும். ஒன்று அறுவடையும் விற்பனையும் மும்முரமாக இருக்கும் பருவத்தில். மற்றொன்று மந்தமான பருவத்தில். சாலையோரம் ஒரு மரத்தடி, ஒரு நாற்காலி, கையில் படிவம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். நான்கு கோடு நிமிர்த்திப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார்கள். அதிகாலை மூன்று மணிக்குக் கொசுக்கடியில் அந்தக் கோட்டைப் போட்டவர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். நம் சாலைகள் அவர்கள் கணக்கில்தான் எழுந்தன. மாட்டுவண்டிக்கும் அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. ஒரு பெரிய மாட்டுவண்டி சாலையில் அடைக்கும் இடமும் நேரமும் எட்டு காருக்குச் சமம் என்று நம் விதிநூல் கணக்கு வைத்திருக்கிறது!

ஆனால் ஒன்றைப் பாருங்கள். ஆண்டில் 8,760 மணி நேரம். இரண்டு வாரக் கணக்கெடுப்பு என்பது 336 மணி நேரம். மீதி 8,424 மணி நேரம் அந்தச் சாலையில் என்ன நடந்தது? யாருக்கும் தெரியாது. சாலையின் அகலத்தை முடிவு செய்யும்போது, ஆண்டின் எல்லா மணி நேரங்களையும் போக்குவரத்தின் அளவுப்படி இறங்குவரிசையில் அடுக்கி, முப்பதாவது இடத்தில் நிற்கும் மணி நேரத்தைப் பொறியாளர்கள் எடுத்துக்கொள்வதுண்டு. முதலிடத்துக்குக் கட்டினால் பணம் வீண். நூறாவதுக்குக் கட்டினால் மக்கள் தவிப்பார்கள் என்பது அதன் நியாயம். முப்பதாவதைக் கண்டுபிடிக்க 8,760 மணி நேரமும் கையில் இருக்க வேண்டாமா? 336ஐ வைத்துக்கொண்டு எதை அடுக்குவது?

அதற்குத்தான் நிரந்தரக் கருவி. தாரை அறுத்து உள்ளே கம்பிச் சுருளை, அதாவது கம்பி வளையத்தைப் புதைப்பார்கள். மேலே உலோகம் கடந்தால் மின்னோட்டத்தின் தன்மை மாறும், கருவி ஒன்று என்று எண்ணும். அழுத்தம் பட்டால் மின்துடிப்பு தரும் பட்டையைச் சாலைக்குக் குறுக்கே பதித்து அச்சுகளை எண்ணுவார்கள். கம்பத்தில் ரேடார் வைப்பார்கள், கேமரா வைப்பார்கள். எந்தக் கருவி என்பது இன்றைய பேச்சு அல்ல. எந்த இடம் என்பதுதான் பேச்சு.

எல்லாச் சாலையிலும் வைத்துவிட முடியுமா? உலகத்தில் எந்த நாடும் வைக்கவில்லை. பிரிட்டனில் தேசியக் கணக்குக்காக நிரந்தரமாக எண்ணும் கருவிகள் ஏறத்தாழ 300 இடங்களில் இருக்கின்றன. ஆனால் ஆண்டுதோறும் சுமார் 8,000 இடங்களில் இன்றைக்கும் மனிதர்கள் சாலையோரம் நின்று காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை எண்ணுகிறார்கள். அவ்வளவு வசதி உள்ள நாடு ஏன் ஆளை நிறுத்துகிறது? அந்த 8,000 இடங்களின் ஒருநாள் கணக்கை ஆண்டுக் கணக்காக மாற்றும் வித்தையை இந்த 300 கருவிகள்தான் கற்றுக்கொடுக்கின்றன.

இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். என் பேச்சின் உயிரே இங்கேதான் இருக்கிறது. ஒரு சாலையில் நிரந்தரக் கருவி இருக்கிறது என்று வையுங்கள். ஆண்டுச் சராசரி நாளுக்கு 10,000 வண்டி. ஆனால் கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமைகளில் 12,500 ஓடுகிறது. அப்படியானால் கார்த்திகைச் செவ்வாய் எண்ணியதை 0.8ஆல் பெருக்கினால் ஆண்டுச் சராசரி கிடைக்கும். பக்கத்தில் வேறொரு சாலை. அங்கே கருவி இல்லை. அதே கார்த்திகைச் செவ்வாயில் ஆள் வைத்து எண்ணினோம், 5,000 வண்டி. 0.8ஆல் பெருக்கு; 4,000. கருவியே இல்லாத சாலைக்கு ஆண்டுக் கணக்கு வந்துவிட்டது! அப்படியானால் நிரந்தரக் கருவி தான் நிற்கும் சாலைக்காக மட்டும் நிற்கிறதா? இல்லை. தான் நிற்காத நூறு சாலைகளுக்காக நிற்கிறது.

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம் வீட்டில் சொல்வார்கள். நல்ல பழமொழி. ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறதே, கவனித்தீர்களா? ஒரே பானை! ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு. பக்கத்து அடுப்பில் வேகும் பானைக்கு இந்தப் பானையின் சோறு பதம் சொல்லுமா? நம் சாலைகள் எல்லாம் ஒரே பானையா? கருவிக்கு இடம் தேடுகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: நம்மிடம் எத்தனை பானை இருக்கிறது?

கிழக்கிலிருந்து மேற்கு வரை எண்ணிப் பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி சாலை வேலைக்குப் போகிறவர்களின் சாலை. காலையில் ஒரு பக்கம் நிரம்பும், மாலையில் மறுபக்கம், ஞாயிறு இளைப்பாறும். தூத்துக்குடித் துறைமுகத்துச் சாலை கப்பல் வருகிற நேரத்துக்குக் கனரக லாரி ஓடும் சாலை. அதற்குக் காலையும் மாலையும் ஒன்றுதான். தஞ்சைப் பக்கத்துச் சாலைகள் நெல்லோடு ஏறி இறங்கும். சிவகாசிச் சாலைக்குத் தீபாவளிக்கு முந்தைய மாதங்கள் ஒரு பருவம். குற்றாலத்துச் சாலைக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் பருவம். மற்ற ஊர்களின் கோடை விடுமுறை முடிந்து சாலை அடங்கும் நேரத்தில் அங்கே கூட்டம் தொடங்கும். குற்றாலத்துச் சாலையை எடுத்துத் தஞ்சைக்குப் பெருக்கினால் என்ன வரும்? கணக்கு வரும், உண்மை வராது.

இன்னொன்று சொல்கிறேன். ஆடி மாதத்தில் கல்யாணம் உண்டா? மார்கழியில் உண்டா? கல்யாண மண்டபங்கள் வரிசையாக இருக்கும் புறநகர்ச் சாலை எதையாவது நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளில் வேனும் காரும் இரு பக்கமும் அடைத்து நிற்கும். ஆடியில் அதே சாலையில் காற்றடிக்கும். வெளிநாட்டுப் புத்தகத்தில் ஜனவரி, பிப்ரவரி என்று பன்னிரண்டு மாதத்துக்கும் பெருக்கெண் போட்டிருப்பார்கள். நம் சாலை ஆடி, ஆவணி என்று நடக்கிறது. ஜூலை பாதியில் மாறும். ஆகஸ்ட் பாதியில் மறுபடி மாறும். நிரந்தரக் கருவி நாள்தோறும் எண்ணியதைக் கையில் வைத்திருந்தால் இதைத் தமிழ் மாதப்படி பிரித்துப் பார்த்துவிடலாம். ஒரு வாரக் கணக்கெடுப்பு ஆடியில் விழுந்திருந்தால் என்ன செய்வீர்கள்?

அடுத்தது திருவண்ணாமலை. இந்த ஊரைப் பற்றி நான் சற்று அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறைக்கு அது ஒரு பாடப்புத்தகம். மாதந்தோறும் பௌர்ணமிக்கு இலட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறார்கள். பௌர்ணமி சுமார் இருபத்தொன்பதரை நாளுக்கு ஒருமுறை வருகிறது. அது செவ்வாயிலும் விழும், ஞாயிறிலும் விழும், மாதத் தொடக்கத்திலும் விழும், கடைசியிலும் விழும். ஏழு நாள் கணக்கெடுப்பில் பௌர்ணமி அகப்படும் வாய்ப்பு ஏறத்தாழ நாலில் ஒன்று. அகப்படாவிட்டால் அந்த ஊரின் உண்மைப் போக்குவரத்தே காணாமல் போகும். அகப்பட்டுவிட்டால்? அந்த வாரத்தையே ஆண்டு முழுமைக்கும் விரித்து, எல்லா வாரமும் பௌர்ணமி என்று எழுதிவிடுவோம். இரண்டும் தவறு. ஆண்டு முழுதும் எண்ணும் கருவி இருந்தாலொழிய இந்தச் சாலையை அறிய வழியில்லை.

சரி, கருவி வைப்போம். எங்கே? "கிரிவலப் பாதையில்தான்! அங்கேதானே கூட்டம்!" வைத்துப் பாருங்கள். பௌர்ணமி அன்று அந்தப் பாதையில் வண்டிக்குத் தடை. ஆண்டிலேயே மிக அதிகமான மக்கள் அந்தச் சாலையில் இருக்கும் இரவில் கருவி ஏறக்குறையப் பூஜ்யம் காட்டும்! சரி, ஊருக்குள் வரும் சாலையில் வைக்கலாமா? அன்றைக்கு ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் திறப்பார்கள். பேருந்துகள் அங்கேயே நின்றுவிடும். கருவி அந்த இடத்துக்கு உள்பக்கம் இருந்தால் சாதாரண நாளைவிடக் குறைவாகக்கூடக் காட்டலாம். ஆகவே செங்கம் சாலையிலும் வேலூர் சாலையிலும் மற்றச் சாலைகளிலும் தற்காலிக நிலையங்களைத் தாண்டி வெளியே போய் இடம் பார்க்க வேண்டும். இது எந்தச் சூத்திரத்திலும் இல்லை. பௌர்ணமி இரவில் அங்கே போய் நிற்கிறவருக்குத்தான் தெரியும். தைப்பூசத்தில் பழநிச் சாலையும் இப்படித்தான். பாதயாத்திரைக் கூட்டம் சாலையை நிறைத்து நடக்கும். கருவிக்கு மனிதக் கால் கணக்கில்லை. சென்சார் எண்ணாததும் போக்குவரத்துதான் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி மலைக்குப் போவோமா? நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரல் முதல் கோடைப் பருவத்துக்கு உச்சவரம்பும் வந்தது: சுற்றுலா வண்டிகள் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. யோசித்துப் பாருங்கள். சாலையில் எண்ணிய எண் நீதிமன்றத்துக்கே வந்துவிட்டது. விடுதிக்காரர் வருமானம், டாக்சி ஓட்டுநர் பிழைப்பு, காட்டின் மூச்சு எல்லாம் அந்த எண்ணில் தொங்குகின்றன. அப்படிப்பட்ட எண்ணை எங்கே நின்று எண்ணுவது?

மலைக்கு ஒரு நன்மை உண்டு. ஏறும் வழிகள் சில மட்டுமே. அந்த வழிகள் எல்லாவற்றிலும் கருவி வைத்தால் மலையைச் சுற்றி வேலி போட்டதாக ஆகும். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆனால் ஒரு வழியை விட்டாலும் வேலியில் ஓட்டைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஒரு சாலை, கோத்தகிரி வழியாக ஒரு சாலை. "குன்னூர் சாலைதான் பெரியது, அங்கே மட்டும் வைத்தால் போதும்" என்று சிக்கனம் பிடித்தால் என்ன நடக்கும்? கோடையில் ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் காவல் துறை திருப்பிவிடுவதுண்டு. அந்த நாட்களில் நம் கருவிக் கணக்குப்படி ஊட்டிக்கு ஏறிய கார்கள் இறங்கவே இல்லை! அப்படியானால் இரண்டு சாலையும் பிரிவதற்கு முன்பே ஒரு கருவி வைத்துவிடலாமே என்பீர்கள். வைக்கலாம். ஆனால் அங்கே மேட்டுப்பாளையத்து உள்ளூர் வண்டியும் கலந்துவிடும், நெரிசலில் வண்டிகள் ஊர்ந்து நிற்கும். என் தீர்ப்பு இரண்டு கருவி என்பதே. செலவு கூடும், கூடட்டும். இன்னொரு பக்கம் பந்திப்பூர் காட்டு வழியே வரும் சாலை. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவான வண்டிப் போக்குவரத்துக்கு அது மூடியிருக்கும். அங்கே உள்ள கருவி இரவெல்லாம் ஏறக்குறையப் பூஜ்யம் அனுப்பும். சென்னையிலோ டெல்லியிலோ கணினிமுன் உட்கார்ந்திருப்பவர் "கருவி பழுது" என்று முத்திரை குத்திவிடக் கூடாது.

நண்பர்களே, இதுவரை ஊரறிவு பேசினேன். கணிதம் ஒன்றும் சொல்லவில்லையா? சொல்கிறது, அழகாகவே சொல்கிறது. ஒரு முச்சந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சாலை, ஒவ்வொன்றிலும் போவது, வருவது என்று ஆறு ஓட்டங்கள். சந்தியில் எந்த வண்டியும் பிறப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. உள்ளே வந்தது வெளியே போய்த்தான் ஆக வேண்டும். ஆகவே ஐந்தை எண்ணினால் ஆறாவது தானாகத் தெரியும். ஒரு சந்திக்கு ஒரு கருவி மிச்சம்! நகரம் முழுக்க நூறு சந்தி இருந்தால் நூறு ஓட்டங்களை எண்ணாமலே அறியலாம். ஆனால் சந்தியிலேயே பெரிய சந்தையும் பார்க்கிங்கும் இருந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். வண்டிகள் அங்கேயே தங்கிவிடும் அல்லவா?

ஹாங்காங்கில் ஹை யாங், ஜிங் சோ என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் இதற்கு நான்கு விதிகள் வகுத்தார்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பயணம் ஒரு கருவியையாவது கடக்க வேண்டும். ஒவ்வொரு ஊர்ச் சோடிக்கும், அதன் பயணங்கள் பெரும்பங்காக ஓடும் இடத்தில் எண்ண வேண்டும். மொத்தத்தில் எவ்வளவு அதிகமான பயணங்கள் வலையில் விழுமோ அவ்வளவு விழ வேண்டும். நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு கருவி சொன்னதையே இன்னொன்று திரும்பச் சொல்லக் கூடாது. இடையில் பெரிய பிரிவு எதுவும் இல்லாத ஒரே நெடுஞ்சாலையில் பத்து கிலோமீட்டருக்கு ஒன்றாக மூன்று கருவி வைத்தால் என்ன கிடைக்கும்? ஒரே லாரியை மூன்று தரம் எண்ணுவோம். அறிக்கை தடிமனாகும். அறிவு வளராது.

ஆறு இருக்கும் ஊரில் இந்த வேலை எளிது. ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும். பாலத்தில் நின்றால் யாரும் தப்ப முடியாது. 1726இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டினார். அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து பரங்கிமலைக்குப் போகிறவர்களை எண்ண அந்த ஒரு பாலத்தில் நின்றாலே ஏறக்குறையப் போதும். இன்று அதே இடத்தில் மறைமலை அடிகள் பாலம்; அதோடு திரு.வி.க. பாலம், கோட்டூர்புரம் பாலம் என்று வரிசையாக இருக்கின்றன. ஒன்றில் வேலை நடந்து அடைத்தால் வண்டிகள் அடுத்ததற்கு மாறும். எல்லாப் பாலத்திலும் எண்ணினால், கூட்டுத்தொகை மாறவில்லை, வழிதான் மாறியது என்று தெரியும். ஒன்றில் மட்டும் எண்ணினால், நகரத்தில் போக்குவரத்தே குறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதுவோம்.

சாலையைத் தேர்ந்தாயிற்று. அந்தச் சாலையில் எந்த அடி மண்? நேரான இடம், ஏற்ற இறக்கம் இல்லாத இடம். சந்திக்கும் சிக்னலுக்கும் தள்ளி, வண்டி நிற்காமல் ஒரே வேகத்தில் ஓடும் இடம். வேகத்தடை, பேருந்து நிறுத்தம், டீக்கடை மூன்றும் இல்லாத இடம். டீக்கடையைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. டீக்கடை முன்னால் லாரி நிற்கும். கம்பிச் சுருளின் மேலேயே நின்றுவிட்டால் அந்த வளையம் அதுவரை ஊமை. பழுது பார்க்க வருகிறவர் வண்டியை ஓரம் கட்ட இடம் இருக்க வேண்டும். அவரும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர். மின்சாரமும் செல்போன் சிக்னலும் வேண்டும். ஆனால் மின்சாரம் இருக்கிறது என்பதற்காகவே ஊரின் முகப்பில் பதித்துவிடுகிற பழக்கத்தை என்னால் ஏற்க முடியாது. சூரியத் தகடு வந்த பிறகு அந்தச் சாக்குக்கு இடமில்லை. இன்னொன்று, எல்லாரும் மறப்பது: அடுத்த ஆண்டு அந்தச் சாலைக்கு மறுதார் போடப் போகிறார்களா என்று கேட்டீர்களா? மேல்தளத்தைச் சுரண்டும் இயந்திரம் வந்தால் சென்சாரும் குப்பையோடு போகும். ஒரே அலுவலகத்தின் ஒரு மேசை பதிக்கிறது, அடுத்த மேசை சுரண்டுகிறது.

இங்கே நம் சாலைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டில் வளையத்தை ஒரு தடத்துக்கு ஒன்று என்று பதிப்பார்கள். வண்டி தடத்துக்குள் போகும். நம் ஊரில் தடமா? இரண்டு டூவீலர், ஒரு ஷேர் ஆட்டோ, பக்கத்தில் பேருந்து, எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே கோட்டைக் கடக்கும். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் பல சிறு வளையங்களைச் சேர்த்து, சைக்கிளையும் பேருந்தையும் ஒரே அமைப்பு இனம்பிரித்து எண்ணும் முறையை உருவாக்கி 2012இல் வெளியிட்டார்கள். நம் சாலையைப் பார்த்துப் பிறந்த ஆராய்ச்சி அது. அப்படியும் இடம் தேடுகிறவரின் பங்கு குறைவதில்லை. சாலை குறுகி, வண்டிகள் இயல்பாகவே வரிசைக்கு வரும் சிறுபாலத்தை அடுத்த இடங்கள் நமக்கு உதவும்.

"ஐயா, எதற்கு இத்தனை பாடு? சுங்கச்சாவடியில் பாஸ்டேக் இருக்கிறதே, கையில் செல்போன் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2021 பிப்ரவரியிலிருந்து பாஸ்டேக் கட்டாயம். வண்டி கடந்தால் பதிவாகிவிடும். ஆனால் தேசிய நெடுஞ்சாலையில் டூவீலருக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாததால் பாஸ்டேக்கில் பதிவும் இல்லை. தமிழ்நாட்டில் டூவீலரை விட்டுவிட்டு எண்ணுவதும் ஒரு எண்ணிக்கையா? மேலும் சுங்கச்சாவடியைத் தவிர்க்க ஊர்வழியே சுற்றிப்போகும் லாரியை யார் எண்ணுவார்? செல்போன் வேகத்தைச் சொல்லும். எண்ணிக்கையை அதனிடம் கேட்காதீர்கள். பேருந்து நிறைய ஆளுக்கொரு போன் இருக்கும், ஜல்லி லாரியில் ஒன்று இருக்கும். சாலையை உடைப்பது எது? பாஸ்டேக்கையும் செல்போனையும் துணையாக வைத்துக்கொள்ளலாம். அவை எவ்வளவு சரி என்று உரைத்துப் பார்க்கவும் சாலையில் பதித்த கருவிதான் வேண்டும்.

முடிக்கும் நேரம் நெருங்குகிறது. அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, நான் பார்த்துவிட்டேன். ஒரு மாவட்டத்தில் ஆறு கருவிக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். என்னைக் கேட்டால் நெரிசலான நகரச் சாலைக்கு ஒன்று கொடுப்பேன். லாரிச் சாலைக்கு ஒன்று. கோயிலுக்கோ மலைக்கோ போகும் சாலைக்கு ஒன்று. மீதி மூன்றையும் யாரும் திரும்பிப் பார்க்காத மாவட்டச் சாலைகளில் பதிப்பேன். ஏன் மூன்று? நம் சாலைகளில் மிகப் பெரும்பாலானவை அந்த இனம். அங்கேதான் ஒருநாள் எண்ணியதை வைத்து ஆண்டைக் கணிக்கிறோம். ஒரு கருவியை மட்டும் நம்பினால், அந்த ஒரு சாலையில் பாலம் இடிந்து வழி மாறினாலும், பக்கத்தில் ஒரு கல்குவாரி திறந்தாலும், அந்த இனம் முழுவதன் கணக்கும் சாய்ந்துவிடும். அமெரிக்க வழிகாட்டி ஓர் இனத்துக்கு ஐந்து முதல் எட்டு கருவி கேட்கிறது. நாம் பக்கத்து மாவட்டங்களோடு சேர்ந்தால் அந்த எண்ணை எட்டிவிடலாம். சாலைக்கு மாவட்ட எல்லை தெரியாது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி மாற்றச் சொல்வேன். கருவியைப் பதித்ததற்குப் பணம் கொடுக்காதீர்கள். ஆண்டில் எத்தனை நாள் முழுக் கணக்கு வந்து சேர்ந்ததோ அத்தனை நாளுக்குக் கொடுங்கள். பதித்த கருவியை எளிதில் இடம் மாற்றவும் விடாதீர்கள். புது அதிகாரி வருவார், ஆள் இல்லாத சாலையில் இது எதற்கு என்று கேட்பார், நகரத்துக்கு மாற்றச் சொல்வார். அந்தக் கோப்பில் முதல் பக்கத்திலேயே, இந்தக் கருவியின் பெருக்கெண்ணை நம்பியிருக்கும் சாலைகளின் பெயரை ஒவ்வொன்றாக எழுதி வையுங்கள். மாற்றச் சொல்கிறவர் அத்தனை பெயரையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

மாணவர்கள் சிலர் கேள்விச் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவற்றை இப்போது எடுத்துக்கொள்கிறேன்.